துடிக்கும் இயந்திரத்தில் வளரும் ரத்தக் குழாய்!

அமெரிக்காவில் வட கரோலினா என்று ஒரு மாநிலம். அங்கே டர்ஹாம் என்பது ஓர் ஊர். அந்த ஊரில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

அங்கே துணி நெய்வது இல்லை. இரும்பு உருக்குவதும் இல்லை. மனித ரத்தக் குழாயை வளர்க்கிறார்கள்!

ஆமாம், வளர்க்கிறார்கள். விதை தூவி, நீர் பாய்ச்சி, நாற்று வளர்ப்பது போல வளர்க்கிறார்கள். ஒரு குழாய் வளர்ந்து முடிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது. முடிந்தபின் அதன் நீளம் 42 சென்டிமீட்டர். அதாவது, சுமார் இரண்டு சாண். உள்ளே துவாரத்தின் அகலம் 6 மில்லி மீட்டர். பென்சில் பருமன் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்தக் குழாய் எதற்கு?

ஒருவருக்கு லாரி மோதித் தொடை கிழிந்துவிட்டது. அல்லது, குண்டு பாய்ந்துவிட்டது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அறுந்து, நடுவில் ஒரு துண்டு நசுங்கிப் போய்விட்டது. ரத்தம் போகாத கால் எவ்வளவு நேரம் தாங்கும்? சுமார் 6 மணி நேரம். அதற்குள் வழி செய்யாவிட்டால், காலை எடுக்க நேரிடலாம்.

டாக்டர்கள் வழக்கமாகச் செய்வது என்ன? மற்றக் காலில் இருந்து ஒரு ரத்தக் குழாயை வெட்டி எடுத்து, இங்கே வைத்துத் தைப்பார்கள். இரண்டு கால்களும் சிதைந்து கிடந்தால்? அப்போதுதான் சிக்கல்.

(ரத்தக் குழாயையும் "நரம்பு" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். நரம்பு வேறு, ரத்தக் குழாய் வேறு. நரம்பு செய்தி கொண்டு போகும். குழாய் ரத்தம் கொண்டு போகும். இது ரத்தக் குழாயின் கதை.)

ஜனாதிபதிக்குக் கத்திக் குத்து!

கதை 130 ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது.

1894-ம் ஆண்டு, ஜூன் மாதம் 24-ந் தேதி. பிரான்ஸ் நாட்டின் ஜனாதிபதி சாடி கார்னோ, லியோன் நகருக்கு வந்திருந்தார். விருந்து முடிந்து, குதிரை வண்டியில் போய்க் கொண்டிருந்தார். கூட்டத்தில் இருந்து ஒருவன் பாய்ந்தான். பத்திரிகைத் தாளில் மறைத்து வைத்திருந்த கத்தியை எடுத்து, ஜனாதிபதியின் வயிற்றில் குத்தினான். அவன் பெயர் கசேரியோ. இத்தாலிக்காரன்.

கத்தி கல்லீரலுக்குள் இறங்கி, அங்கே இருந்த பெரிய ரத்தக் குழாயை அறுத்துவிட்டது. ஊரில் உள்ள பெரிய டாக்டர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அறுந்த ரத்தக் குழாயைத் தைக்க அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் ஜனாதிபதியின் உயிர் பிரிந்தது.

அந்த ஊரில் அலெக்சிஸ் காரெல் என்று ஒரு மருத்துவ மாணவர் இருந்தார். வயது இருபது. "குழாயைத் தைக்கத் தெரிந்திருந்தால் ஜனாதிபதி பிழைத்திருப்பார்" என்று அவர் சொன்னார். சின்னப் பையன் பெரிய டாக்டர்களைக் குறை சொல்வதா என்று பலருக்கும் கோபம் வந்தது.

காரெல் சும்மா இருக்கவில்லை. லியோன், பட்டுக்குப் பேர் போன ஊர். அங்கே பட்டுத் துணியில் பூவேலை செய்யும் பெண் ஒருவரிடம் போய், ஊசி பிடிக்கக் கற்றுக் கொண்டார்! மெல்லிய ஊசி, மெல்லிய பட்டு நூல். நூல் வழுக்கிக் கொண்டு போக, அதில் வாசலைன் தடவினார்.

ரத்தக் குழாயின் வாய் வட்டமானது. அறுந்தால் சுருங்கிக் குழைந்துவிடும். அதைத் தைப்பது எப்படி? காரெல் ஒரு தந்திரம் செய்தார். வட்டத்தில் மூன்று இடங்களில் நூல் கோத்து, மூன்று பக்கமும் இழுத்துப் பிடித்தார். வட்டம் முக்கோணம் ஆயிற்று! வளைவு போய் மூன்று நேர்க்கோடுகள் கிடைத்தன. நேர்க்கோட்டைத் தைப்பது சுலபம்தானே?

1902-ல் இந்த முறையை அவர் வெளியிட்டார். 1912-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டாக்டர்கள் இன்றும் இதை வழியாகக் கொண்டுதான் ரத்தக் குழாயைத் தைக்கிறார்கள்.

விமானி செய்த கண்ணாடிக் கருவி

தைக்கத் தெரிந்துவிட்டது. ஆனால், வைத்துத் தைக்கக் குழாய் வேண்டுமே?

பிளாஸ்டிக் குழாய்கள் பிற்காலத்தில் வந்தன. பெரிய குழாய் என்றால் அவை நன்றாக உழைக்கும். சிறிய குழாய் என்றால், உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக் கொள்ளும். அழுக்குப் பட்ட காயத்தில் வைத்தால், சீழ் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சதைக்குச் சதைதான் பொருந்தும்.

சதையை உடம்புக்கு வெளியே உயிரோடு வைத்திருக்க முடியுமா? இந்தக் கேள்வியும் காரெலைப் பிடித்துக் கொண்டது. அப்போது அவர் நியூயார்க்கில், ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். 1930-ல் அவரைத் தேடி ஒருவர் வந்தார். உலகமே அறிந்த ஆள் அவர். 1927-ல் தன்னந்தனியாக அட்லாண்டிக் கடலை விமானத்தில் தாண்டிய சார்லஸ் லிண்ட்பெர்க்!

விமானிக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை? அவருடைய மனைவியின் அக்காள் எலிசபெத்துக்கு இதயக் கோளாறு. "இதயத்தை நிறுத்த முடியாது, அதனால் ஆபரேஷன் செய்ய முடியாது" என்று டாக்டர்கள் கைவிரித்து விட்டார்கள். "இதயத்தின் வேலையை ஒரு கருவி செய்யக் கூடாதா?" என்று லிண்ட்பெர்க் கேட்டார். யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. காரெல் ஒருவர்தான் உட்கார வைத்துப் பேசினார்.

இருவரும் ஆண்டுக் கணக்கில் பாடுபட்டார்கள். லிண்ட்பெர்க் கண்ணாடியில் ஒரு கருவி செய்தார். அதற்குள் ஓர் உறுப்பை வைப்பார்கள். காற்றின் அழுத்தம் விட்டு விட்டு வந்து, சத்து நீரை அந்த உறுப்புக்குள் தள்ளும். நாடித் துடிப்பு போலவே தள்ளும். வெளியில் இருந்து கிருமி நுழைய வழி இல்லை.

1935-ல் ஒரு பூனையின் கழுத்துச் சுரப்பியை இந்தக் கருவியில் வைத்தார்கள். அது 18 நாள் உயிரோடு இருந்தது!

எலிசபெத் அதைப் பார்க்கவில்லை. 1934 டிசம்பரிலேயே அவர் இறந்து போனார்.

காலிலும் இல்லை, கையிலும் இல்லை!

லிண்ட்பெர்க்கின் கருவி உறுப்பைக் காப்பாற்றி வைத்தது. புதிதாக ஒன்றை வளர்க்கவில்லை. அதற்கு இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின.

1990-களில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் லாரா நிக்லசன் என்ற பெண் டாக்டர் பயிற்சி பெற்று வந்தார். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பது அவர் வேலை. ஒரு நாள், ஒரு நோயாளிக்கு இதய ஆபரேஷன். இதயக் குழாயில் அடைப்பு. அதைச் சுற்றிக் கொண்டு போக மாற்றுக் குழாய் வேண்டும். உடம்பின் வேறு இடத்தில் இருந்து எடுக்க வேண்டும். டாக்டர் கீறிப் பார்த்தார். அங்கே நல்ல குழாய் இல்லை. வேறு இடத்தில் கீறினார். அங்கும் சரியில்லை. ஒரு குழாய்க்காக நோயாளியின் உடம்பெல்லாம் காயம்!

'இதற்கு வேறு வழி இருக்க வேண்டும்' என்று நிக்லசன் நினைத்தார். மாசசூசெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தில் ராபர்ட் லாங்கர் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். ரத்தக் குழாயை வளர்க்கத் தொடங்கினார்.

பாகற்கொடியும் பந்தலும்

நம் உடம்பு கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. ஒரு சிட்டிகை உயிரணுக்களை எடுத்து, கண்ணாடித் தட்டில் சத்து நீர் ஊற்றி வைத்தால், அவை பெருகும். இது பழைய வித்தை. ஆனால், தட்டில் அவை ஆடை போலப் பரவும். குழாயாக எழும்பாது.

பாகற்கொடிக்குப் பந்தல் வேண்டாமா? அதுபோல உயிரணுவுக்கும் ஒரு பந்தல் வேண்டும். ஆபரேஷன் தையலுக்கு ஒரு வகை நூல் உண்டு. உடம்புக்குள் சில வாரங்களில் தானே கரைந்துவிடும். அந்த நூல் செய்யும் பொருளில் வலை போன்ற குழாய் செய்தார்கள். அதன் மேல் உயிரணுக்களைத் தூவினார்கள். கொடி பந்தலைப் பற்றுவது போல, அவை வலையைப் பற்றிக் கொண்டன. உயிரணுக்கள் வளர வளர, பந்தல் கரைந்து கொண்டே போகும். கடைசியில் சதைக் குழாய்தான் மிஞ்சும்.

இதில் ஒரு தொல்லை. சதை தடித்தால், நடுவில் இருக்கும் உயிரணுக்களுக்குச் சோறு கிடைக்காது. வெளியில் இருப்பவை தின்று கொழுக்கும். உள்ளே இருப்பவை பட்டினியால் சாகும். அதனால், சத்து நீர் தேங்கி நிற்கக் கூடாது. ஓடிக் கொண்டே இருக்க வேண்டும். சூடு மாறக் கூடாது. கிருமி வரக் கூடாது. இவ்வளவையும் பார்த்துக் கொள்ளும் கலத்துக்கு "பயோரியாக்டர்" என்று பெயர். உயிர் வளர்க்கும் கலம் என்று சொல்லலாம்.

சோறு மட்டும் போதுமா?

நிக்லசன் கண்டது இதுதான்: போதாது!

உங்கள் மணிக்கட்டில் விரலை வைத்துப் பாருங்கள். நாடி துடிக்கிறது அல்லவா? ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பாய்ந்து, குழாயின் சுவர் விரிகிறது, பிறகு சுருங்குகிறது. ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் தடவை இப்படி நடக்கிறது. கருவில் தொடங்கிய இந்த வேலை கடைசி மூச்சு வரை நிற்பது இல்லை. துடிப்பை வாங்கி வாங்கித்தான் ரத்தக் குழாய் உரம் பெறுகிறது. உழைக்காத உடம்பு போல, துடிப்பு வாங்காத குழாய் நோஞ்சானாகத்தான் இருக்கும்.

ஆகவே, கலத்துக்குள் ஒரு செயற்கை இதயத்தைப் பொருத்தினார்கள். வலைக் குழாய்க்குள் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைச் செருகினார்கள். அதன் வழியாகப் பம்பு, நீரை விட்டு விட்டு அடித்தது. நிமிடத்துக்கு 165 தடவை! நம் நாடி இவ்வளவு வேகமாகத் துடித்தால் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். ஆனால், தாய் வயிற்றில் இருக்கும் சிசுவின் இதயம் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் துடிக்கிறது. பிறக்கப் போகும் குழாய்க்கும் அதே தாளம்!

ரப்பர் விரியும்போது, மேலே ஒட்டியிருந்த உயிரணுக்களும் இழுபட்டன. எட்டு வாரத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட துடிப்பு. உயிரணுக்கள், கொலாஜன் என்ற உறுதியான நாரைச் சுரந்து, தங்களைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கொண்டன. அந்த நாருக்கு வைட்டமின் சி தேவை. அதையும் சத்து நீரில் கலந்து கொடுத்தார்கள்.

பிறகு ரப்பரை உருவிவிட்டு, குழாயைச் சோதித்தார்கள். நமக்கு ரத்த அழுத்தம் 120 என்று டாக்டர் சொன்னால், சரியாக இருக்கிறது என்று பொருள். இந்தக் குழாய் 2,000-க்கு மேல் தாங்கியது! துடிப்பு இல்லாமல் வளர்த்த குழாய்கள் இதனோடு போட்டி போட முடியவில்லை.

இது பன்றியின் உயிரணுவில் செய்த சோதனை. வளர்ந்த குழாயைப் பன்றிகளுக்கே வைத்துத் தைத்தார்கள். 24 நாள் வரை ரத்தம் ஓடியதைப் படம் பிடித்தார்கள். 1999-ல் செய்தி வெளியாயிற்று.

விண்வெளியில் ஒரு சோதனை

இதே காலத்தில், வானத்தில் ஒரு வேடிக்கை நடந்தது.

எலும்பு மூட்டில் மெத்தை போல ஒரு குருத்து இருக்கிறது. முழங்கால் தேய்ந்துவிட்டது என்கிறோமே, அங்கே தேய்வது இதுதான். கன்றுக் குட்டியின் குருத்தில் இருந்து உயிரணுக்களை எடுத்து, உருண்டு கொண்டே இருக்கும் கலத்தில் மூன்று மாதம் வளர்த்தார்கள். இது அமெரிக்க விண்வெளி நிலையத்தார் கண்டுபிடித்த கலம். பிறகு, வளர்ந்த குருத்தில் ஒரு பாதியை, 1996 செப்டம்பரில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதி பூமியிலேயே வளர்ந்தது. வானத்தில் அதைப் பார்த்துக் கொண்டவர் ஜான் பிளாகா என்ற அமெரிக்க விண்வெளி வீரர்.

நான்கு மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் உயிரோடுதான் இருந்தன. ஆனால், அழுத்திப் பார்த்தபோது, வானத்துக் குருத்தின் வலு, பூமிக் குருத்தின் வலுவில் மூன்றில் ஒரு பங்குதான்! வானத்தில் எடை இல்லை. எடை இல்லாத இடத்தில், மெத்தைக்கு வேலை இல்லை. வேலை இல்லாததால் வலுவும் இல்லை.

உயிரணுவைக் கழுவிவிட்டார்கள்!

நிக்லசனுக்கு அடுத்த தடை காத்திருந்தது. நோயாளியின் உயிரணுவை எடுத்து வளர்த்தால், அவர் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அடிபட்டு வந்தவர் காத்திருக்க முடியுமா? அதோடு, கிழவர்களின் உயிரணுக்கள் களைத்துப் போனவை. வேகமாக வளராது. வேறொருவர் உயிரணுவை வைத்து வளர்த்தால், "இது அந்நியம்" என்று நோயாளியின் உடம்பு சண்டைக்கு வரும்.

அதற்குக் கண்ட வழி துணிச்சலானது. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த ரத்தக் குழாயின் உயிரணுவை எடுத்து, குழாயை வளர்க்க வேண்டியது. வளர்ந்து முடிந்ததும், சவுக்காரம் போன்ற மருந்து நீரை விட்டு, உயிரணுக்களை எல்லாம் கழுவிவிட வேண்டியது! அவை கட்டிய கொலாஜன் சுவர் மட்டும் நிற்கும். கொத்தனார்கள் போய்விட்டார்கள், வீடு நிற்கிறது. சண்டை போட அங்கே ஆள் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் வைக்கலாம். குளிர்ப் பெட்டியில் 18 மாதம் வரை வைத்திருக்கலாம்.

2004-ல் நிக்லசனும் கூட்டாளிகளும் ஹியூமசைட் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அதன் தொழிற்சாலைதான் டர்ஹாமில் இருக்கிறது. அங்கே ஓர் இயந்திரத்தில் ஒரே சமயத்தில் 200 குழாய்கள் வளர்கின்றன.

2012 டிசம்பரில், போலந்து நாட்டில் முதல் தடவையாக ஒரு மனிதருக்கு இந்தக் குழாயை வைத்தார்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வாரத்தில் பல தடவை ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். குத்திக் குத்தி, அவர்கள் கைக் குழாய்கள் பாழாகிவிடும். அத்தகைய 60 பேருக்கு, போலந்திலும் அமெரிக்காவிலும் வைத்துப் பார்த்தார்கள்.

பின்னால், சிலருக்கு வேறு ஆபரேஷன் நடந்தபோது, வைத்த குழாயில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஆச்சரியம்! வெறும் சுவராக வைத்த குழாய்க்குள், நோயாளியின் சொந்த உயிரணுக்கள் குடியேறி இருந்தன. உள் பக்கம் மெழுகியது போல ஓர் அடுக்கு, நடுவில் தசை. அந்நியக் குழாய், சொந்தக் குழாயாக மாறிக் கொண்டிருந்தது! 2019-ல் இது வெளியாயிற்று.

போர்க்களத்தில்

2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படை எடுத்தது. குண்டு வெடித்துக் கை கால் சிதைந்தவர்கள் ஆஸ்பத்திரிகளில் குவிந்தார்கள். அந்த ஆண்டே இந்தக் குழாய்கள் உக்ரைன் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மண்ணும் இரும்புத் துண்டும் ஏறிய காயங்களில், பிளாஸ்டிக்கை வைக்க டாக்டர்கள் பயப்படுவார்கள். அங்கே இவற்றை வைத்துத் தைத்தார்கள். கால்கள் தப்பின.

2024 டிசம்பரில், அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அனுமதி கொடுத்தது. எல்லாவற்றுக்கும் அல்ல. கை கால் குழாய் அறுந்து, உடனே ரத்தம் ஓட வைக்க வேண்டிய நிலையில், சொந்தக் குழாய் எடுக்க முடியாத பெரியவர்களுக்கு மட்டும்.

இது பூரண வெற்றி என்று சொல்லிவிட முடியாது. இலாகா பார்த்த முக்கியச் சோதனையில் 54 நோயாளிகள். ஒரு மாதம் முடிந்தபோது, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத்தான் மறு ஆபரேஷன் இல்லாமல் ரத்தம் ஓடியது. குழாய் நடுவில் வெடித்தாலோ, தையல் விட்டுப் போனாலோ, உயிருக்கே ஆபத்தான ரத்தப் பெருக்கு ஏற்படலாம். இந்த எச்சரிக்கையை, மருந்துக் குறிப்பின் தலையில் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று இலாகா உத்தரவு போட்டது. விலையும் ஏழை எளியவர்களுக்கு எட்டாதது. ஒரு குழாய்க்குப் பல லட்சம் ரூபாய்!

நிக்லசன் ஆபரேஷன் அறையில் தேடியது, இதயத்துக்கு ஒரு குழாய். அது இதைவிடச் சன்னமாக இருக்க வேண்டும். சன்னமான குழாயில்தான் ரத்தம் சீக்கிரம் உறையும். மூன்றரை மில்லி மீட்டர் குழாய்களை வளர்த்து, முதலில் குரங்குகளின் இதயத்தில் வைத்துச் சோதித்தார்கள். அந்தக் குழாய்களும் கலத்துக்குள், துடிப்பை வாங்கித்தான் வளர்ந்தன.